அயர்லாந்துக் கிராமங்களின் பழைய சாலைகள்: வரலாறு எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

மலையில் ஏறி, எங்கும் போய்ச் சேராமல் பாதியில் நின்றுவிடும் ஒரு சாலை. அயர்லாந்தின் மேற்குப் பகுதிக் கிராமங்களில் அதைப் பற்றிக் கேட்டால், "பஞ்சத்தில் போட்டது" என்பார்கள். உள்ளூர் வரலாறு எழுதுவோர் அதை அப்படியே எழுதிவிடுவதுதான் முதல் தவறு.

1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சாலை வேலை நடந்தது உண்மைதான். 1847 மார்ச்சில் 7 லட்சம் பேருக்கு மேல் அரசின் நிவாரணப் பணிகளில் கூலிக்கு வேலை செய்தார்கள். ஆனால் 1822 பஞ்சத்திலும் இதே மாதிரி வேலை கொடுத்தார்கள். தெற்கே கார்க், கெர்ரி பக்கம் பொறியாளர் ரிச்சர்ட் கிரிஃபித்தும், மேற்கே கானமாராவில் பொறியாளர் அலெக்சாண்டர் நிம்மோவும் போட்ட சாலைகள் 1820களைச் சேர்ந்தவை. ஊர்ப்பேச்சில் இரண்டு பஞ்சமும் ஒன்றாகிவிடும். 1937-39-ல் பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நாட்டார் தொகுப்பைப் படிக்கும்போதும் இது நினைவில் இருக்கட்டும்.

அரசின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைந்த வரைபடத்தின் முதல் பதிப்பை எடுத்துப் பாருங்கள். அதற்கான நில அளவை 1840களின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. சாலை அதில் இருந்தால், 1845-க்கு முந்தையது. அதற்காகக் கதையைத் தூக்கி எறியவும் வேண்டாம். இருந்த சாலையின் ஏற்றத்தை வெட்டிக் குறைத்ததும் பஞ்ச வேலைதான்.

1778-ல் வந்த டெய்லர்–ஸ்கின்னர் சாலை வரைபட நூலில் காணோம் என்பதால் "அப்போது சாலையே இல்லை" என்று முடிவு கட்டுவதும் அவசரம். முக்கியச் சாலைகளை மட்டுமே பட்டை பட்டையாக வரைந்த நூல் அது. அப்புறம், அதிலுள்ள மைல் ஐரிஷ் மைல், 2240 கஜம். 11 ஐரிஷ் மைல் சாதாரணக் கணக்கில் 14 மைல்.

பழைய பாதை ஆற்றைக் கடந்த இடத்தை இன்றைய பாலத்தடியில் தேடுவது இன்னொரு வீண் வேலை. பாலத்துக்கு ஆறு குறுகி, கரை உறுதியாக இருக்க வேண்டும். நடந்து கடக்க, அகன்று ஆழமில்லாமல் இருக்க வேண்டும். அதனால் பாலத்துக்குச் சற்று மேலேயோ கீழேயோ தண்ணீரை நோக்கி இறங்கும் சந்து இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய ஆழத்தையும் நம்ப வேண்டாம். 1840களில் ஷனன் ஆற்றைப் படகுகளுக்காகத் தோண்டியபோது நடந்து கடக்கும் பழைய துறைகள் பல அழிந்தன.

மிகப் பழைய பாதை என்றால் நெடுங்காலம் புழங்கியது என்று நினைப்பதும் தப்பு. லாங்ஃபோர்டு மாவட்டத்தின் கார்லியாவில் கி.மு. 148-ல் வெட்டிய ஓக் மரங்களால் சதுப்பின்மேல் போட்ட பாதை, சில ஆண்டுகளிலேயே தன் பாரத்தால் அமிழ்ந்துவிட்டது.

சரி, பாதையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். பழைய வழி என்பதாலேயே அது பொதுவழி ஆகிவிடாது. நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.