எந்த டீப் பர்ப்பிள்? மலையக மேடையில் ஒரு ரொக் நிகழ்ச்சிக்குத் தயாராகும் முறை

இங்கிலாந்து ரொக் குழுவான டீப் பர்ப்பிளின் பாட்டுக்களை மட்டும் வைத்து ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒன்றரை மணித்தியால நிகழ்ச்சி செய்ய நினைக்கும் குழு, பாட்டுப் பட்டியல் எழுத உட்காருமுன் எந்த டீப் பர்ப்பிளை வாசிக்கப்போகிறது என்று தீர்மானித்துவிட வேண்டும். 1968இல் தொடங்கியதிலிருந்து அந்தக் குழுவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். எல்லா வரிசையிலும் இருந்தவர் ட்ரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ் ஒருவர்தான். ஆள் மாறியபோதெல்லாம் சத்தமும் மாறியதால் ரசிகர்கள் மார்க் 1, மார்க் 2 என்று எண் போட்டே பேசுவார்கள். எல்லாக் காலத்திலிருந்தும் இரண்டிரண்டு பாட்டுப் பொறுக்கினால் ஒரு பாட்டு பாடகருக்கு எட்டாது, அடுத்ததில் பேஸ்காரர் பாட வேண்டிவரும், அதற்கடுத்ததில் லீட் கிட்டார்காரருக்கு விரல் ஓடாது.

முதல் வரிசையில் (1968–69) பாடியவர் ரொட் எவன்ஸ், பேஸ் நிக் சிம்பர். குரல் நிதானமானது, அலறல் கிடையாது. அவர்களுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த 'ஹஷ்' புதுக் குழுவுக்கு ஏற்ற பாட்டு. இரண்டாவது வரிசைதான் எல்லோரும் அறிந்தது: ரிச்சி பிளாக்மோர் (கிட்டார்), இயன் கிலன் (பாடகர்), ரோஜர் குளோவர் (பேஸ்), ஜோன் லோர்ட் (ஓர்கன்), பெய்ஸ். 1969 முதல் 1973 வரை இருந்து, 1984இல் மறுபடி கூடிய ஐவர் இவர்கள். சனம் கேட்டு வருவது இந்தப் பாட்டுக்களைத்தான். ஆனால் கிலனின் உச்சத்தைத் தொடும் பாடகர் இல்லாமல் இறங்கினால் மூன்றாவது பாட்டிலேயே தொண்டை கட்டிவிடும். மூன்றாவது வரிசையில் (1973–75) டேவிட் கவர்டேல் கீழ்க்குரலில் பாட, பேஸ் வாசித்தபடியே கிளென் ஹியூஸ் மேலே பாடுவார். பாடத் தெரிந்த பேஸ்காரர் இருந்தால் இதுவே நல்ல தெரிவு; இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். டொமி போலின் கிட்டார் வாசித்த நான்காவது வரிசை 1976இல் கலைந்தது. ஒரே ஒரு ஸ்டூடியோ அல்பம்தான், விட்டுவிடலாம். 1994இல் வந்த கிட்டார்காரர் ஸ்டீவ் மோர்ஸின் வேகம் மாதக்கணக்கில் பயிற்சி கேட்கும்.

இரண்டாவது வரிசை என்றே வைத்துக்கொள்வோம். பத்தில் ஒன்பது குழு அதைத்தான் எடுக்கும்.

பாடகரின் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதை முதல் நாளே பாருங்கள். சினிமாப் பாட்டில் மேல் ஸ்தாயி பிடிப்பவர் என்பதற்காக இதிலும் பிடிப்பார் என்று நம்பக்கூடாது. முழுப் பட்டியலையும் இரண்டு முறை தொடர்ந்து பாடவிட்டு, இரண்டாம் முறை எங்கே உடைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை சுருதி இறக்கினால் பெரும்பாலும் சரிவரும். கிட்டாரையும் பேஸையும் எல்லாத் தந்தியிலும் அரை சுருதி கீழே டியூன் செய்யுங்கள். 9 அளவுத் தந்தி தளர்ந்து 'கிர்' என்று அடிக்கும், அதனால் 10–46 செட் போடுங்கள். கீபோர்ட்டில் ட்ரான்ஸ்போஸ் மைனஸ் ஒன்று. பாட்டுக்குப் பாட்டு இதை மாற்றாதீர்கள். முழு நிகழ்ச்சியும் ஒரே சுருதியில் போகட்டும். போன பாட்டின் ட்ரான்ஸ்போஸ் அப்படியே இருக்க, அடுத்த பாட்டின் முதல் கோர்டிலேயே கீபோர்ட் வேறு ஊருக்குப் போவது மேடையில் அடிக்கடி நடக்கும் கூத்து.

'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டில் பெரும்பாலானோர் பிழைவிடுவது அந்த ஆரம்பத் துண்டில்தான். அது பிக்கால் அடிக்கும் பவர் கோர்ட் அல்ல. டி, ஜி ஆகிய இரண்டு தந்திகளையும் ஒன்றாக விரலால் கிள்ள வேண்டும்: 0–3–5, 0–3–6–5, 0–3–5–3–0 (எண் ஃபிரெட்டைக் குறிக்கும், 0 என்றால் விரல் வைக்காத தந்தி). பிக்கால் மேலிருந்து கீழே இழுத்தால் ஒரு தந்தி முந்தி ஒலிக்கும்; கிள்ளினால் இரண்டும் ஒரே நேரத்தில் விழும், அந்தக் கனம் அங்கேதான் இருக்கிறது. சேரும் ஒழுங்கும் முக்கியம்: கிட்டார் தனியே, பிறகு ஹை-ஹாட்டும் ஓர்கனும், பிறகு முழு ட்ரம்ஸ், கடைசியில் பேஸ். எல்லோரும் ஒன்றாகத் தொடங்கினால் பாட்டு ஏற இடமில்லாமல் போய்விடும். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 112. கைதட்டலில் உற்சாகமாகி 120க்கு ஓடும் ட்ரம்ஸ்காரருக்குக் காதில் மெட்ரோனோம் கொடுங்கள்.

ஓர்கன் சத்தம் சரிவராவிட்டால் இந்த வரிசையை எடுத்ததிலேயே அர்த்தமில்லை. லோர்ட் தனது ஹெமண்ட் ஓர்கனை மார்ஷல் ஆம்ப் வழியாக அலறவிட்டார்; அதனால்தான் அது இரண்டாவது கிட்டார் போல் கேட்கிறது. சாதாரண கீபோர்ட்டில் இதைக் கிட்டத்தட்டப் பிடிக்கலாம். ரொக் ஓர்கன் என்ற டோனை எடுங்கள். ட்ரோபார் (ஓர்கன் சத்தத்தைக் கலக்கும் இழுபட்டைகள்) இருந்தால் முதல் மூன்றை மட்டும் முழுதாக இழுங்கள். கோரஸையும் ரிவர்பையும் அணையுங்கள். வெளியே வரும் வயரை ஓவர்ட்ரைவ் பெடலுக்கு விட்டு, அங்கிருந்து ஒரு கிட்டார் ஆம்புக்கு விட்டு, ஆம்பின் முன்னால் மைக் வையுங்கள். கெய்ன் பாதிக்கு மேல் போனால் மூன்று விரல் கோர்ட் இரைச்சலாகும். அந்த இடங்களில் இரண்டு சுரம் மட்டும் பிடித்தால் போதும். இடது கைக் கீழ்ச்சுரங்கள் பேஸை மறைக்கும், ஆகவே மிக்சரில் ஓர்கனின் லோவைக் குறைத்துவிடுங்கள்.

நேரக் கணக்கில் ஏமாறாதீர்கள். 1972 ஓகஸ்டில் ஒசாக்காவிலும் டோக்கியோவிலும் பதிவான 'மேட் இன் ஜப்பான்' இரண்டு இசைத்தட்டு; அதில் இருப்பது ஏழே பாட்டு. கடைசிப் பாட்டு மட்டும் ஏறக்குறைய 20 நிமிடம். அதைப் பார்த்து நம் ஊரில் 20 நிமிடம் இழுத்தால் சனம் தேநீர்க் கடைக்குப் போய்விடும். சோலோவுக்கு நான்கு நிமிடம் தாராளம். முடிப்பதற்கு ஒரு சைகை வையுங்கள்: லீட்காரர் கிட்டாரின் கழுத்தை மேலே தூக்கினால் இன்னும் ஒரு சுற்று, பிறகு எல்லோரும் நிறுத்தம். பன்னிரண்டு பாட்டு எடுத்தால் ஒன்றரை மணித்தியாலம் நிரம்பும். கடைசியில் யாராவது பைலா கேட்பார்கள், நிச்சயம். ஒன்றைப் பழகி வைத்திருங்கள், முகம் சுளிக்காதீர்கள்.

நம் குழுக்களிலும் ஆள் நிலையில்லை. ட்ரம்ஸ்காரர் கட்டாருக்குப் போவார், கீபோர்ட்காரருக்குக் கொழும்பில் வேலை கிடைக்கும். 1993 நவம்பரில் சுற்றுப்பயணத்தின் நடுவே பிளாக்மோர் விலகியபோது, டிசம்பரில் ஜப்பான் நிகழ்ச்சிகளை கிட்டார்காரர் ஜோ சட்ரியானியை வைத்துச் செய்து முடித்தார்கள். திடீரென்று வருபவர் சமாளிக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு அட்டை எழுதி வைத்திருங்கள்: சுருதி, வேகம், யார் தொடங்குவது, எத்தனை சுற்றுக்குப் பிறகு பாடல், சோலோ யாருடையது, எப்படி முடிவது, கீபோர்ட் டோன் எண். பயிற்சியைப் போனில் பதிவுசெய்யும்போது எண்ணித் தொடங்குவதையும் சேர்த்துப் பதியுங்கள். புது ஆளுக்கு அசல் பதிவைவிட இதுவே பயன்படும், ஏனென்றால் அவர் சேரப்போவது நீங்கள் வெட்டிச் சுருக்கிய பாட்டோடும் உங்கள் சுருதியோடும்.

இனி இடமும் காலமும். ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை திறந்த மைதானத்தை நினைக்காதீர்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் அப்போது காய்ந்திருக்கும். அங்கே மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. ஏப்ரலில் நுவரெலியாவில் சீசன் கூட்டம் இருக்கும், ஆனால் அறை வாடகை கையைக் கடிக்கும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை சாதாரணமாக அனுமதி கிடையாது என்றது 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பு; இப்போதைய நேர எல்லையை அனுமதி எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய கட்டுப்பாடு தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ். அதன் நேரத்தைக் கேட்டு, அதற்கு அரை மணித்தியாலம் முன்பே முடியும்படி வையுங்கள்.

தகரக் கூரை மண்டபத்தில் மழை விழுந்தால் பாடல் வரி ஒன்றும் கேட்காது. மழையில்லாத நாளிலும் ட்ரம்ஸ் சத்தம் கூரையில் பட்டுத் திரும்பி வரும். ட்ரம்ஸுக்குப் பின்னாலும் பக்கத்திலும் கொழுந்துச் சாக்கை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டால் கணிசமாக அடங்கும். திறந்தவெளி என்றால் மேடைக்கு மேலே மட்டுமல்ல, மிக்சருக்கு மேலேயும் படங்கு கட்டுங்கள். மூடுபனி மேலிருந்து விழாது, பக்கவாட்டில் நுழையும். அந்த ஈரத்தில் கண்டென்சர் மைக் பொரியத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் டைனமிக் மைக்கே வையுங்கள்.

குளிரில் லொறியில் வந்த கிட்டாரைச் சனம் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்தவுடன் உறையைத் திறந்தால் தந்தியிலும் பிக்கப்பிலும் நீர் படியும். மூடியபடியே அரை மணித்தியாலம் விடுங்கள். விளக்குச் சூட்டில் தந்தி நீண்டு சுருதி இறங்கும் என்பதால், டியூன் செய்வதை மேடை விளக்கைப் போட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். லைனின் கடைசியிலுள்ள தோட்டங்களில் 230 வொல்ட் பின்னேரம் எல்லா வீட்டிலும் லைட் எரியத் தொடங்கியதும் இறங்கும். முதல்நாள் அதே நேரத்தில் மல்டிமீற்றரால் அளந்து, 210க்குக் கீழே என்றால் ஜெனரேட்டர் எடுங்கள். உயரத்தில் காற்று மெலிவதால் டர்போ இல்லாத எஞ்சினின் பலம் குறையும்: 300 மீட்டருக்கு ஏறக்குறைய 3.5 வீதம். 1,868 மீட்டர் உயரமான நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், 10 கேவிஏ என்று வாடகைக்கு எடுப்பது 8 கேவிஏ அளவுதான் தரும். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி, காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக வையுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளிலிருந்து முழுதாக அவிழ்த்துவிடுங்கள்; சுருளோடு விட்டால் சூடேறி உருகும். ஆம்பில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் எர்த் பின்னைக் கழற்றுவது சில சவுண்ட்காரர்களின் வழக்கம். ஈரத் தரையில் மைக்கைத் தொடும் பாடகரின் உயிருக்கே அது ஆபத்து. மேடையின் எல்லா ஆம்பையும் கீபோர்ட்டையும் ஒரே போர்டில் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இரைச்சல் போய்விடும். போகாவிட்டால் டிஐ பொக்ஸில் (கீபோர்ட் வயரை மிக்சருக்கு இணைக்கும் சிறு பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் தந்திகளையும் ட்ரம்ஸ் ஸ்டாண்டுகளையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டே உறையில் போடுங்கள். மறுநாள் காலை எல்லா உறையையும் திறந்து வீட்டுக்குள் காயவிடுங்கள். மைக்கின் வலைத்தலையைக் கழற்றி, உள்ளிருக்கும் பஞ்சைக் கழுவி, முழுதாகக் காய்ந்த பிறகு பூட்டுங்கள்.