சீன பிரஷ் காலிகிராஃபி: அடிப்படை தாண்டியவர்களும் விடாமல் செய்யும் தவறுகள்

சீன பிரஷ் எழுத்தில் கொஞ்சம் கை பழகிவிட்டால் கோடு ஓரளவு நேராக வரும், எழுத்தும் கட்டத்துக்குள் ஒழுங்காக உட்காரும். சிக்கல் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. தடித்த கோட்டிலிருந்து மெல்லிய கோட்டுக்குப் போகும்போது பிரஷ் முனை இரண்டாகப் பிளக்கும், திருப்பத்தில் மை வீங்கும், கூராக முடிய வேண்டிய கொக்கி பிய்ந்துபோய் நிற்கும். உடனே 'கை நடுங்குகிறது', 'பிரஷ் சரியில்லை' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே காரணம் இல்லை. அழுத்தி விரித்த முனையைத் திரும்பக் குவிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதலில் பிடி. இறுக்கிப் பிடிப்பதற்கு ஒரு பழைய கதை வேறு துணைக்கு இருக்கிறது. நாலாம் நூற்றாண்டில் பேர்போன எழுத்துக் கலைஞர் வாங் சீச்சி, எழுதிக்கொண்டிருந்த தன் சின்ன மகன் சியென்ச்சியின் பின்னால் போய் பிரஷை வெடுக்கென்று இழுத்தாராம், கையை விட்டு வரவில்லையாம், பையன் பெரிய ஆளாக வருவான் என்றாராம். இதைக் கேட்டுவிட்டு உடும்புப் பிடி பிடிக்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. ஆனால் 11ஆம் நூற்றாண்டிலேயே கவிஞரும் எழுத்துக் கலைஞருமான சூ ஷி, இறுக்கிப் பிடிப்பதில் எழுத்து இல்லை என்று எழுதிவிட்டார். பிடிக்க நிலையான முறை கிடையாது, உள்ளே காலியாகவும் தளர்வாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. விரல்கள் தண்டை உறுதியாகத் தொட்டிருக்கட்டும், உள்ளங்கைக்குள் ஒரு முட்டை வைக்க இடம் இருக்கட்டும். இறுகிய கையில் தண்டு கொஞ்சம்கூட அசையாது, தண்டு அசையாவிட்டால் முனை எப்படி நேராகும்?

அடுத்தது மணிக்கட்டு. கையை முழுக்க அந்தரத்தில் தூக்கி வைத்துத்தான் எழுத வேண்டும் என்று அடம்பிடிப்பது ஒரு தவறு, எல்லா அளவு எழுத்தையும் மணிக்கட்டை மேசையில் ஊன்றியே எழுதுவது இன்னொரு தவறு. சூ ஷி கையைத் தூக்கி எழுதுவதில் தேர்ந்தவர் இல்லை என்று அவருடைய நண்பர் ஹுவாங் திங்ஜியெனே சொல்லியிருக்கிறார், அதனால் இதில் சாமி கும்பிட ஒன்றும் இல்லை. நகத்தளவு எழுத்துக்கு மணிக்கட்டை ஊன்றலாம். உள்ளங்கை அளவு எழுத்து என்றால் மணிக்கட்டைத் தூக்கி, முழங்கையை மட்டும் லேசாக வைத்துக்கொள்ளலாம். அதற்கும் பெரிதானால் எழுந்து நின்று தோளிலிருந்து எழுதுங்கள். விரலை மட்டும் ஆட்டி நீளமான கோடு போட்டால் பாதி வழியில் விரல் எட்டாமல் போய் முனை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். கோட்டின் நடுவே முனை ஓட வேண்டும், இதை ஜோங்ஃபெங் என்பார்கள். எழுதி முடித்த கோட்டைப் பார்த்தாலே முனை எங்கே ஓடியது என்று தெரிந்துவிடும்: நடுவில் ஓடியிருந்தால் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி இருக்கும், சாய்ந்து ஓடியிருந்தால் முனை போன பக்கம் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பம் மாதிரியும் இருக்கும். சாய்வாக எழுதுவது குற்றம் இல்லை, வேண்டுமென்றே அப்படி எழுதும் பாணிகள் இருக்கின்றன. தெரியாமல் சாய்வதுதான் பிரச்சினை.

அது எங்கே சாய்கிறது என்றால் அநேகமாகத் திருப்பத்தில். எல்லாரும் பழகும் 'யோங்' (永) என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்குக் கீழே சின்னதாக ஒரு கிடைக்கோடு, அங்கிருந்து மடங்கி நீளமாகக் கீழே இறங்கி, கடைசியில் இடப்பக்கமாகக் கொக்கி. கிடைக்கோட்டின் முடிவில் அப்படியே வளைத்து இழுத்தால் முடியெல்லாம் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கோடு கீழே வரை இறங்கி, கொக்கியில் போய் வெடிக்கும். கொக்கியைத் திருத்த நூறு கொக்கி எழுதிப் பார்ப்பது வீண், கோளாறு மேலே இருக்கிறது. மடங்கும் இடத்தில் பிரஷை முனை மட்டும் தொடும் அளவுக்குத் தூக்குங்கள், முடி குவியட்டும், அப்புறம் மறுபடி அழுத்தி இறங்குங்கள். கொக்கிக்கு முன்பும் அதே: நின்று, லேசாகத் தூக்கி, முனை கூடியதும் தள்ளுங்கள்.

இந்த இடத்தில் பிரஷ் வகையும் விளையாடும். 'ஓநாய் முடி' என்று விற்கும் பிரஷில் ஓநாய் கிடையாது, வீசல் என்ற சின்ன விலங்கின் வால்முடி அது. விறைப்பானது, தூக்கினால் தானே குவிந்துவிடும், அதனால் உங்கள் குறையை மறைத்துவிடும். ஆட்டுமுடி அழுத்தினால் அழுத்தினபடியே கிடக்கும், நீங்கள்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். நன்றாக எழுத வருகிறது என்று நினைப்பவர்கள் ஒருமுறை ஆட்டுமுடிக்கு மாறிப் பார்க்கலாம், உண்மை தெரியும். ஆனால் முதல் நாளே நீள முடி ஆட்டு பிரஷ் வாங்கி நொந்துபோவதும் வேண்டாம், கலப்பு முடியில் ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம்.

தப்பாக வந்த கோட்டின் மேல் திரும்பப் பூசுவது? கூடவே கூடாது. பதப்படுத்தாத ஷுவான் காகிதத்தில் (மையை உறிஞ்சும் சீனக் காகிதம்) காய்ந்ததும் ஒட்டுப்போட்டது அப்படியே காட்டிக்கொடுக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், பூசி மறைத்த கோட்டிலிருந்து நீங்கள் எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. விட்டுவிட்டு அடுத்ததை எழுதுங்கள்.

மையில் சில விஷயங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் முக்கி எடுக்காதீர்கள், ஒரு முறை தொட்டு வர வர மை குறையும்போது கை எப்படி மாறுகிறது என்பதும் பயிற்சிதான். முக்கி எடுத்ததும் மைக்கல்லின் விளிம்பில் உருட்டி வடித்து முனையைக் கூராக்காமல் காகிதத்துக்குப் போகாதீர்கள். புட்டி மை கெட்டியாக இருந்தால் சில சொட்டுத் தண்ணீர் விடலாம். எழுதி முடித்ததும் அடிமுடி வரை கழுவி, முனை கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். அடியில் காய்ந்த மை முடியைப் பிளந்து வைத்துவிடும், அந்த பிரஷோடு எந்த மேதையும் கூரான முனை எடுக்க முடியாது. வெந்நீர் வேண்டாம், முடியை ஒட்டிய பசை இளகிவிடும்.

கடைசியாக, எதைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்பது. 632இல் ஓயாங் ஷுன் எழுதிய ஜியுசெங் அரண்மனைக் கல்வெட்டும், 752இல் யென் ஜென்ச்சிங் எழுதிய துவோபாவ் கோபுரக் கல்வெட்டும்தான் பலருக்குப் பாடம். நல்ல பாடம்தான், ஆனால் கையில் இருப்பது கல்லிலிருந்து எடுத்த படி என்பதை மறந்துவிடுகிறார்கள். உளி விட்ட கூர்மூலையையும், கல் தேய்ந்து பொரிந்த ஓரத்தையும் பிரஷின் வேலை என்று நினைத்து நடுங்க நடுங்க வரைகிறார்கள். கத்திமுனையைத் தாண்டி பிரஷ் முனையைப் பார் என்று இருபதாம் நூற்றாண்டு எழுத்துக் கலைஞர் ச்சி கோங் சொன்னது இதைத்தான். அதனால் கல்லில் பழகும்போதே மையால் எழுதிய மூலங்களையும் கூடவே பாருங்கள். கொல்லப்பட்ட அண்ணன் மகனுக்காக யென் ஜென்ச்சிங் 758இல் எழுதிய இரங்கல் வரைவு தைப்பே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இணையத்தில் பெரிய படமாகவே கிடைக்கும். அடித்துத் திருத்தி எழுதிய தாள் அது. எங்கே மை தொட்டார், எங்கே வறண்டுபோன பிரஷாலேயே இழுத்தார் என்பதெல்லாம் அப்படியே தெரியும். ஒரு வரியை எடுத்துக்கொண்டு, மை வறளும் இடங்களில் முனை பிளந்ததா சேர்ந்ததா என்று பாருங்கள், அப்புறம் அந்த ஒரு வரியை மட்டும் எழுதிப் பாருங்கள்.