விறகு வாங்கப் போகிறீர்களா? முதலில் எடையைப் பாருங்கள்

போன மார்கழியில் வெந்நீர் அடுப்புக்கு என்று அரை டன் சீமைக் கருவேலம் இறக்கினேன். எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் அதற்கு மிஞ்சின விறகு கிடையாது. ஆனால் அடுப்பில் வைத்தால் பற்றவே இல்லை. ஒரு முனையில் கொள்ளி புகைகிறது, மறுமுனையில் நுரை நுரையாகத் தண்ணீர் கசிகிறது. அப்பத்தா ஒரு கட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தார். "ஏய்யா, தண்ணிய எடை போட்டு வாங்கிட்டு வந்திருக்கியே!"

அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு மாதம் ஆயிற்று. அடுப்பு மூட்டுவது எப்படி என்று இங்கே சொல்லப் போவதில்லை. எந்த விறகை, எப்படி வாங்கி, எப்படிக் காய வைப்பது என்பது மட்டும்தான்.

முதலில்: எதற்கு எந்த விறகு?

நன்றாகக் காய்ந்துவிட்டால் எந்த மரமானாலும் கிலோவுக்குக் கிலோ ஏறக்குறைய ஒரே சூடுதான், 4,500 கிலோ கலோரி சொச்சம். மரத்துக்கு மரம் மாறுவது அடர்த்தி. லேசான மரம் படபடவென்று எரிந்து தீரும். கனமான மரம் நின்று எரிந்து தணல் விடும்.

தணல் வேண்டுமென்றால் சீமைக் கருவேலம், நாட்டுக் கருவேலம், புளி. பிரியாணிக்குத் தம் போட எனக்குப் புளிதான் பிடிக்கும். பிளப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் என்பது வேறு விஷயம். நல்ல சுவாலையும் வேண்டும், பிளக்கவும் சுலபமாக இருக்க வேண்டும் என்றால் சவுக்கு. அரைகுறையாகக் காய்ந்திருந்தாலும் எரிகிற மரம் அது, புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிலேயே தொடங்கலாம். மா விறகு சீக்கிரம் தீர்ந்துவிடும், சுள்ளிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். வேம்பை வெந்நீருக்கு எரிப்போம், சோற்றுப் பானைக்கு அப்பத்தா விடமாட்டார். முருங்கையை ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள்.

அரளிக் குச்சியை மட்டும் தப்பித் தவறியும் அடுப்பில் வைக்காதீர்கள், புகையே விஷம். பெயின்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட் துண்டு எல்லாமும் அப்படித்தான்.

அடுத்து: கடையில்

இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கேட்கும், ஈரமானது 'தொப்' என்று விழும். வெட்டுமுனையில் நட்சத்திரம் மாதிரி விரிசல் ஓடியிருக்க வேண்டும், பட்டை நகத்தால் நெம்பினாலே கழன்று வர வேண்டும். நான் இரண்டையும் பார்க்கவில்லை. மேல் அடுக்கில் இருந்த நாலு காய்ந்த கட்டைகளைப் பார்த்து மயங்கிவிட்டேன். அடியிலிருந்து உருவிப் பாருங்கள்.

காய வைப்பது (நான் சறுக்கிய இடம்)

ஈரப்பதம் பார்க்கும் கருவி விற்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை, முள் குத்திய இடத்தின் ஈரத்தைத்தான் காட்டும். சமையலறைத் தராசு போதும். ஒரு கட்டையில் சாக்பீஸால் குறி போட்டு ஞாயிறுதோறும் நிறுத்தேன். முதல் நாள் 1 கிலோ 840 கிராம். சித்திரையில் எடை இறங்குவது நின்றபோது 1 கிலோ 190. அதாவது அரை டன்னில் 175 கிலோ தண்ணீர், டன் விலையில்!

காசு மட்டும் நட்டமில்லை. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 600 கிலோ கலோரிக்கு மேல் போய்விடும், மிச்ச நெருப்பும் மந்தப்பட்டுப் புகையாகும். 20 லிட்டர் அண்டா குளிக்கிற பதத்துக்குச் சுட, காய்ந்த கட்டை ஒரு கிலோ சொச்சம் பிடிக்கிறது. அதே கட்டைகள் ஈரமாக இருந்தபோது இரண்டு கிலோவைத் தாண்டியது.

முதலில் செய்த தப்பு, மழைக்குப் பயந்து தார்ப்பாயால் நாலு பக்கமும் இழுத்து மூடியது. பத்து நாளில் பூஞ்சணம் பூத்துவிட்டது. மேலே மட்டும் மூடுங்கள், பக்கவாட்டில் காற்று ஓட வேண்டும். கீழே செங்கல் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். அதற்கு முன்னால் மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்துவிடுங்கள். பட்டையோடு உருண்டையாகக் கிடக்கிற கட்டை வருஷமானாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும்.

பிளக்கக் கனமான கோடாலி ஒன்று, புளிக்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும். மெஷின் ரம்பம் வீட்டு அடுப்புக்குத் தேவையில்லாத செலவு. சீமைக் கருவேலம் என்றால் செருப்பு கெட்டியாக இருக்கட்டும், அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். அடுக்கிலிருந்து எடுக்கும்போது தேளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

காய்ந்த விறகு மழையில் நனைந்தால் மறுபடி நாலு மாதமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இல்லை. அது மேல் ஈரம், இரண்டு நாள் வெயிலில் போய்விடும். அவசரம் என்றால் அடுப்பு ஓரமாகச் சாய்த்து வையுங்கள், ரொம்ப ஒட்டி வேண்டாம்.

கோத்தகிரியிலிருந்து ஒருவர் அறையைச் சூடாக்க எது நல்லது என்று கேட்டார். அங்கே கிடைப்பதில் சீகை (வாட்டில் மரம்) நின்று எரியும். கற்பூர மரத்தில் (யூகலிப்டஸ்) எண்ணெய் உண்டு, சீக்கிரம் பற்றும், பொறியும் தெறிக்கும். கணப்புக்கு முன்னால் கம்பி வலை வையுங்கள். புகைபோக்கி இல்லாத அறையில் எந்த விறகும் வேண்டாம். சட்டியில் தணலை அள்ளி வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பது அதைவிட மோசம். புகையே தெரியாது, வாசனையும் இருக்காது, கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். குளிர் தாங்கவில்லை என்றால் தண்ணீரைச் சுட வைத்து ரப்பர் பையில் ஊற்றிக் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள், அடுப்பு வெளியிலேயே இருக்கட்டும்.