கரைசலா, கூழ்மமா, தொங்கலா? டார்ச் அடித்துப் பாருங்கள்

மூன்று கண்ணாடி டம்ளரில் தலா 200 மி.லி. வடிகட்டிய தண்ணீர். ஒன்றில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை, அடுத்ததில் 3 சொட்டுப் பால், மூன்றாவதில் அரைத் தேக்கரண்டி அரிசி மாவு போட்டுக் கலக்குங்கள். அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் மெல்லிய டார்ச் ஒளியைப் பாய்ச்சுங்கள்.

சர்க்கரைக் கரைசலில் ஒளியின் பாதை தெரியாது. துகள்கள் 1 நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவுதான்; ஒளியைச் சிதறடிக்க அது போதாது. பால் கலந்த நீர் கூழ்மம்: கரையாத நுண்துகள்கள் படியாமல் மிதக்கும் கலவை. அதில் ஒளியின் பாதை நீலம் பாய்ந்த கோடாகப் பளிச்சென்று தெரியும். துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் பாதை தெரியும் இதுதான் டிண்டால் விளைவு. மாவு கலந்த நீர் தொங்கல்: துகள்கள் பெரியவை என்பதால் மாவு அரை மணி நேரத்தில் பெரும்பாலும் அடியில் படிந்துவிடும்.

பலரும் தவறுவது பாலில்தான். ஒரு கரண்டி ஊற்றினால் ஒளி ஊடுருவாமல் டம்ளர் முழுக்க வெண்மையாகிவிடும். சர்க்கரைக்குப் பதில் தூள் உப்பு வேண்டாம். கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள் கரையாமல் நின்று பொய்க்கோடு காட்டும்.