இலக்குப் போட்டிக்கு உண்டிவில் குண்டு தேர்ந்தெடுப்பது எப்படி?

10 மீட்டர் தூரத்தில் தொங்கும் சிறிய வட்டத் தகட்டை உண்டிவில்லால் அடித்துப் பழகத் தொடங்குபவர்கள், பெரும்பாலும் கட்டையைப் பற்றியும் ரப்பர் பட்டையைப் பற்றியும்தான் விசாரிக்கிறார்கள். குண்டைப் பற்றிக் கேட்பவர் குறைவு. குண்டுகள் ஒரே எடையில் இல்லாவிட்டால், எவ்வளவு சீராக இழுத்து விட்டாலும் அடி ஓரிடத்தில் விழாது. பிடிப்பதும் இழுப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, குண்டுத் தேர்வை மட்டும் எழுதுகிறேன்.

முதற்படி: அளவை முடிவு செய்யுங்கள்

8 மி.மீ. எஃகுக் குண்டு ஏறக்குறைய 2.1 கிராம் எடையுள்ளது. 9.5 மி.மீ. குண்டு 3.5 கிராம், 10 மி.மீ. குண்டு 4.1 கிராம், 12 மி.மீ. குண்டு 7 கிராம். மெல்லிய தட்டைப் பட்டையை வைத்திருப்பவர்கள் 8 மி.மீ. குண்டில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. தடித்த பட்டைக்கு அது போதாது. பட்டையின் வேகத்தை வாங்கிக்கொள்ளக் குண்டில் கனம் இல்லாவிட்டால், மிச்ச விசை திரும்பி வந்து கையில் அறையும், பட்டையும் சீக்கிரம் கிழியும். அப்படிப்பட்ட பட்டைக்கு 9.5 மி.மீ. பொருந்தும். 12 மி.மீ. குண்டு காகித இலக்குக்கும் சிறு தகட்டுக்கும் தேவையே இல்லை.

சைக்கிள் கடையில் கிடைக்கும் பேரிங் குண்டு மலிவு என்பதால் சிலர் அதை வாங்கிவிடுகிறார்கள். பின்சக்கரத்துக் குண்டு 6.35 மி.மீ., ஒரு கிராமுக்குச் சற்றே அதிகம். அது மிகவும் இலேசானது.

இரண்டாம் படி: உலோகம்

கரிம எஃகு போதும். பேரிங்குக்கான குரோம் எஃகு இன்னும் கடினமானது, விலையும் கூடுதல். ஆனால் இலக்கின் பின்னால் தொங்கும் துணியில் போய் விழும் குண்டுக்கு அந்தக் கடினம் எதற்கு? பெட்டியில் ஜி100, ஜி1000 என்று தரக்குறி எழுதியிருந்தால், எண் சிறியதாக இருக்க இருக்க உருண்டை துல்லியமானது என்று பொருள். ஜி1000 குண்டின் உருண்டைப் பிழையே 0.025 மி.மீ. அளவில்தான் இருக்கும். உண்டிவில்லுக்கு அதற்கு மேல் செலவழிப்பது வீண்.

மூன்றாம் படி: கலப்பைப் பிரித்தெடுங்கள்

பலரும் இடறுவது இங்கேதான். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் குண்டைக் கடையில் நிறுத்து வாங்கினாலும், இணையத்தில் தருவித்தாலும், 9.5 மி.மீ. குண்டுகளுக்கிடையே 10 மி.மீ. குண்டுகள் கலந்திருப்பது உண்டு. அரை மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. எடையிலோ ஆறில் ஒரு பங்கு கூடிவிடும். கனம் கூடினால் வேகம் குறையும். வினாடிக்கு 65 மீட்டராக இருந்த வேகம் 60 ஆனால், 10 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறக்குறைய 2 செ.மீ. கூடுதலாகத் தாழும். 4 செ.மீ. தகட்டின் நடுவைக் குறிவைத்தவருக்கு அடி விளிம்புக்குப் போய்விடும். அவர் தம் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒவ்வொன்றையும் வெர்னியர் அளவுகோலால் அளப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அதைவிட, 30 செ.மீ. இரும்பு அடிக்கோல் இரண்டை எடுத்து, ஒரு முனையில் 8 மி.மீ., மறுமுனையில் 11 மி.மீ. இடைவெளி வருமாறு சட்டத்தின் மேல் பொருத்தி, குறுகிய முனை மேலே இருக்கும்படி இலேசாகச் சாய்த்து வையுங்கள். மேலிருந்து உருட்டிவிட்ட குண்டு, இடைவெளி தன் விட்டத்தைத் தாண்டும் இடத்தில் டக்கென்று கீழே விழும். 9.5 குண்டும் 10 குண்டும் 5 செ.மீ. தள்ளித் தள்ளி விழுவதால், அடியில் தடுப்பு வைத்த அட்டைப்பெட்டி ஒன்று இருந்தாலே போதும், அவை தாமாகப் பிரிந்துவிடும். முடிவில் பத்துக் குண்டுகளைச் சேர்த்துத் தராசில் வைத்துப் பாருங்கள், 9.5 மி.மீ. என்றால் 35 கிராமை ஒட்டி வர வேண்டும்.

நான்காம் படி: எண்ணெயை நீக்குங்கள்

புதுக் குண்டு துருப்பிடிக்காதிருக்க எண்ணெய் பூசி வரும். இயந்திர எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதச்செய்து வலுவிழக்க வைக்கும். பால் மரத்தை நம்பி வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. குண்டை வைத்து இழுக்கும் தோல் பையிலும் அது வழுக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, உடனே துடைத்து வெயிலில் காயவைத்து, இறுக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். நம் ஊர்க் காற்றில் திறந்து கிடக்கும் கரிம எஃகு வெகு விரைவில் செம்மை தட்டிவிடும். துருவேறிய குண்டு பையின் தோலை அராவும், அதைக் கழித்துவிடுங்கள்.

அடிக்கும்போது கண்ணாடி அணியுங்கள். எஃகு, கல்லிலோ இரும்பிலோ பட்டால் திரும்பி வரும். ஆகவே இலக்கின் பின்னால் பழைய துணியைத் தளர்வாகத் தொங்கவிட்ட பெட்டி கட்டாயம் இருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை

செம்பனைத் தோப்போரப் புல்லில் சிதறிய குண்டுகளைப் பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துப் பொறுக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை என்று வாசகர்கள் சிலர் எழுதினார்கள். அவர்கள் வாங்கியது 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு. அது காந்தத்துக்கு அநேகமாக அசையாது. காந்தம் வைத்த பையிலும் அது நிற்காது. மேலும் அதன் அடர்த்தி கரிம எஃகைவிடச் சற்று அதிகம் என்பதால், இரண்டையும் ஒரே டப்பாவில் கலக்க வேண்டாம். அதை வீட்டுப் பெட்டிக்குள் அடிக்க வைத்துக்கொண்டு, திடலுக்குக் கரிம எஃகையே எடுத்துச் செல்லுங்கள்.