கடற்கொள்ளையர் கப்பலில் ஒரு காலை: டயானா விளையாட்டுத் திடலுக்குச் சின்னக் குழந்தைகளோடு போவது எப்படி?

லண்டனுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் கையில் ஒரு பட்டியலோடுதான் வருகிறார்கள். லண்டன் ஐ, டவர் பிரிட்ஜ், மெழுகுச் சிலை. கூட ஐந்து வயதுக்குக் கீழே ஒரு குழந்தை இருந்தால் அது இந்த மூன்று இடத்திலும் வரிசையில் நின்று அழும், கடைசியில் புறாவைத் துரத்தும்போதுதான் சிரிக்கும். அதனால் எங்கள் வீட்டுக்கு வருபவர்களிடம் நான் முதல் நாளே சொல்லிவிடுவேன்: ஒரு காலையை மட்டும் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்குங்கள், கென்சிங்டன் கார்டன்ஸில் இருக்கும் டயானா நினைவு விளையாட்டுத் திடலுக்குப் போவோம். கட்டணம் கிடையாது. என் மகனுக்கு ஆறு, மகளுக்கு மூன்று வயது. போன தடவை அத்தையும் (என் மாமியார்) வந்திருந்தார். மூன்று தலைமுறையையும் ஒரே காலையில் மேய்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

படி 1: எந்த டயானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்

இதை முதலில் சொல்லக் காரணம், நானே ஏமாந்திருக்கிறேன். மேப்பில் "டயானா மெமோரியல்" என்று அடித்துவிட்டு, முதலில் வந்ததை அமுக்கிக் கிளம்பினேன். போய்ச் சேர்ந்த இடம் ஹைட் பார்க்கில் இருக்கும் டயானா நினைவு நீரூற்று. 2004-ல் திறந்தது, கருங்கல்லில் வளையமாகத் தண்ணீர் ஓடும், அழகாகத்தான் இருக்கும். ஆனால் "கப்பல் எங்கம்மா?" என்று கேட்கும் பிள்ளைக்கு அழகு எதற்கு? அங்கிருந்து திடலுக்குப் புஷ்சேரை (குழந்தைத் தள்ளுவண்டி) தள்ளிக்கொண்டு அரை மணி நேரம் நடந்தோம். போதாததற்கு டயானா பெயரில் ஏழு மைல் நடைபாதை ஒன்று வேறு இருக்கிறது.

நீங்கள் தேட வேண்டியது விளையாட்டுத் திடலை. அது கென்சிங்டன் கார்டன்ஸின் வடமேற்கு மூலையில், பேஸ்வாட்டர் ரோட்டை ஒட்டி இருக்கிறது. அருகில் இருக்கும் டியூப் (சுரங்க ரயில்) ஸ்டேஷன் குயின்ஸ்வே. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ரோட்டைக் கடந்தால் பிளாக் லயன் கேட், அதற்குள் நுழைந்தால் வந்துவிட்டது.

படி 2: நாளும் நேரமும்

திடல் காலை 10 மணிக்குத் திறக்கும். மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். கோடையில் சாயங்காலம் வரைக்கும் இருக்கலாம், நவம்பர், டிசம்பரில் நான்கு மணிக்கு முன்னாலேயே கதவைச் சாத்திவிடுவார்கள். சில பகுதிகளையோ மொத்தத் திடலையுமோ பராமரிப்புக்காக மூடி வைப்பதும் உண்டு. அதனால் முந்தின நாள் ராத்திரி, இந்தப் பூங்காவை நடத்தும் ராயல் பார்க்ஸ் அமைப்பின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். "கப்பல்ல ஏறலாம்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் உள்ளே என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில், வெயில் அடிக்கிற சனி ஞாயிறில் பதினோரு மணிக்குப் போய் நின்றால் உள்ளே இருக்கும் குடும்பம் ஒன்று வெளியே வந்தால்தான் உங்களுக்கு இடம். பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வாசலில் இருங்கள். இன்னும் பள்ளிக்குப் போகாத குழந்தை மட்டும்தான் என்றால் செப்டம்பரில் ஒரு செவ்வாயோ புதனோ போல சுகமான நாள் கிடையாது. பெரிய பிள்ளைகள் எல்லாம் வகுப்பில் இருப்பார்கள், வெயிலும் மிச்சம் இருக்கும்.

படி 3: பையில் என்ன?

இங்கே மணல்தான் எல்லாம். கப்பல் நிற்பதே மணலில்தான். அதனால் ஆளுக்கு ஒரு முழு மாற்று உடை, உள்ளாடை, சாக்ஸ் உட்பட. ஈர மணல் ஒட்டிய உடையைப் போட ஒரு பிளாஸ்டிக் பை. சின்னத் துண்டு ஒன்று. ரெயின்கோட், ஜூலையாக இருந்தாலும். சன் கிரீம், அதே ஜூலைக்கு. குடையை வீட்டிலேயே வையுங்கள். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பிள்ளை என்றால் புஷ்சேரை யார் பிடிப்பது?

மணலில் தோண்ட ஒரு சின்ன ஷவல் போதும். விலை உயர்ந்த பொம்மை எதையும் கொண்டுவராதீர்கள், மணலுக்குள் போனது போனதுதான்.

சாப்பாட்டுக்கு நான் எடுத்துப்போவது பொடி தடவிய மினி இட்லி. ஆறினாலும் கெடாது, ஒழுகாது, குச்சியில் குத்திச் சாப்பிடலாம். ஆனால் டப்பாவை மணல் பக்கம் திறக்காதீர்கள். ஒரு முறை திறந்தேன், காற்று ஒரு வீசு வீசியது. மகள் ஒரு இட்லியை வாயில் போட்டு மென்றுவிட்டு என்னைப் பார்த்தாள் பாருங்கள், "அம்மா, பொடி கடிக்குது."

படி 4: டியூபிலேயே கதையை ஆரம்பியுங்கள்

நாங்கள் கிழக்கு லண்டனில் இருக்கும் ஈஸ்ட் ஹாமிலிருந்து வருகிறோம். டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி மைல் எண்டில் இறங்கினால் அதே பிளாட்ஃபாரத்தின் எதிர்ப் பக்கத்தில் சென்ட்ரல் லைன் வரும், படி ஏற வேண்டாம். குயின்ஸ்வேயில்தான் கொஞ்சம் கஷ்டம். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் பிளாட்ஃபாரத்துக்கும் லிஃப்டுக்கும் நடுவில் படிகள். புஷ்சேரை மடித்துத் தூக்க முடியாது என்றால் 94 அல்லது 148 பஸ்ஸில் பேஸ்வாட்டர் ரோட்டுக்கு வந்து இறங்குவது மேல். கட்டணம் கொடுக்கும் பெரியவர் ஒருவர் கூட இருந்தால் 11 வயதுக்குக் கீழே நான்கு பிள்ளைகள் வரை டியூபில் இலவசம்.

இந்த முக்கால் மணி நேரத்தை வீணாக்காதீர்கள், கதை சொல்லுங்கள். திடல் முழுக்கப் பீட்டர் பான் கதையை வைத்துக் கட்டியது. வளரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு பையன், அவனைத் துரத்தும் கொக்கிக்கை கேப்டன், அந்தக் கேப்டனின் கையைத் தின்ற முதலை. முதலை ஒரு கடிகாரத்தையும் விழுங்கியிருக்கும், அதனால் அது வரும்போதெல்லாம் வயிற்றுக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்கும். இவ்வளவு தெரிந்தால் போதும். கதை தெரியாமல் போனால் அது ஒரு மரக் கப்பல், அவ்வளவுதான். தெரிந்து போனால் என் மகன் மாதிரி வாசலிலேயே "நான் கேப்டன், நீ முதலை" என்று தங்கைக்கு வேஷம் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். (அவள் முதலையாக இருக்கச் சம்மதித்தது அண்ணன் கையைக் கடிக்கலாம் என்பதற்காக.)

இந்தக் கதை இங்கே வந்தது தற்செயல் இல்லை. கதையை எழுதிய ஜே. எம். பாரி பேஸ்வாட்டர் ரோட்டில்தான் குடியிருந்தார், கதையில் வரும் தோட்டமும் இதே தோட்டம்தான். இதே இடத்தில் முன்பு இருந்த பழைய விளையாட்டுத் திடலுக்கு ஊஞ்சல் போடப் பணம் கொடுத்தவரும் அவரே. பக்கத்து அரண்மனையில் வாழ்ந்த இளவரசி டயானாவின் நினைவாக இப்போதுள்ள திடலை 2000-ல் திறந்தார்கள்.

படி 5: வாசல்

திடலைச் சுற்றி வேலி, வாசலில் ஊழியர்கள். 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான இடம் இது. குழந்தை இல்லாமல் பெரியவர் யாரும் தனியாக உள்ளே போக முடியாது. தாய்க்கு இதைவிட நிம்மதி வேறு இல்லை. பிள்ளை கண்ணுக்குத் தப்பினாலும் ரோட்டுக்கு ஓடிவிட முடியாது.

ஆனால் தாத்தா பாட்டியோடு வருபவர்கள் கவனியுங்கள். அத்தை நடுவில் "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்மா" என்று வெளியே இருக்கும் கஃபேவுக்குப் போனார். டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் கையில் குழந்தை இல்லை. நான் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, இவர் எங்கள் ஆள்தான் என்று காட்டிக் கூட்டிவர வேண்டியதாயிற்று. "பேத்திதான் எனக்கு டிக்கெட்டா?" என்று அத்தைக்கு ஒரே சிரிப்பு. வெளியே போவதாக இருந்தால் பேரனையோ பேத்தியையோ கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

உள்ளே நுழைந்ததும் டாய்லெட் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளேயே இருக்கிறது. அப்படியே ஒரு பெஞ்சைக் காட்டி, "தொலைஞ்சா இங்க வந்து நில்லு" என்று சொல்லிவையுங்கள்.

படி 6: கப்பலுக்கு உடனே ஓடாதீர்கள்

பிள்ளைகள் ஓடத்தான் செய்வார்கள். நடு நாயகமாகக் கொடிமரமும் கயிறுமாக அவ்வளவு பெரிய கப்பல் நின்றால் யார்தான் ஓட மாட்டார்கள்? மூன்று வயதுக்காரியாக இருந்தால் கையைப் பிடித்து முதலில் மணல் ஓரத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே முதலை ஒன்று பாதி புதைந்து கிடக்கிறது. என் மகள் முதலில் இரண்டு எட்டு தள்ளி நின்றாள். அப்புறம் ஒரு விரலால் மூக்கைத் தொட்டாள். அப்புறம் காதை அதன் முதுகில் வைத்துக் கேட்டாள். "சத்தமே வரல." "தூங்குதுடா செல்லம்," என்றேன். உடனே ஷவலை எடுத்து அதன்மேல் மணலை அள்ளிப் போட்டாள், போர்வையாம். இருபது நிமிடம் ஓடிவிட்டது, நான் அதுவரை எழுந்திருக்கவே இல்லை.

கூம்புக் கூடாரங்கள் ஒளிந்து விளையாட. தட்டினால் ஓசை வரும் இசைக் கருவிகள் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் சரிப்படும். மர வீட்டுப் பகுதியில் நடைபாதையும் சறுக்கும் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டும் என்று இல்லை, ஒரு காலைக்கு இரண்டு மூலை போதும்.

படி 7: கப்பலில் ஏறுவதற்கு ஒரே விதி

எங்கள் வீட்டு விதி இது: தானாக எவ்வளவு உயரம் ஏற முடியுமோ அவ்வளவுதான். நான் தூக்கி வைக்க மாட்டேன். பக்கத்துப் பிள்ளை உச்சியில் நிற்கிறது என்று தம் பிள்ளையைக் கையில் ஏந்தி மேலே வைக்கும் பெற்றோரை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். ஏறும் வழி அந்தப் பிள்ளையின் காலுக்குத் தெரியாது, பிறகு இறங்கும் வழி மட்டும் எப்படித் தெரியும்?

தானாக ஏறினாலும் பாதியில் பயம் வரும். மகன் கயிற்று வலையில் என் தலைக்கு மேலே போனதும் கீழே பார்த்துவிட்டான். கயிற்றைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. "இறக்கி விடும்மா." மேலே ஏறிப் பிடிக்கப் போகாமல் நேர் கீழே போய் நின்றேன். "கீழ பாக்காத கண்ணா, உன் கையப் பாரு. கை கெட்டியா இருக்கா? சரி. இப்ப இடது காலை மட்டும் கீழ விடு. தேடு. இன்னும் கொஞ்சம். கயிறு தட்டுப்பட்டுச்சா? அதுல நில்லு." ஒரு கால், ஒரு கை, மறுபடி ஒரு கால். "பயப்படாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது எதற்கும் உதவாது. அடுத்த கால் எங்கே என்று சொல்லுங்கள். கீழே குதித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப அதே வலையில் ஏறப் போய்விட்டான்.

கூட்டம் அதிகமாகி, பெரிய பிள்ளைகள் இடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தால் சின்னவர்களைக் கப்பலிலிருந்து இறக்கிவிடுங்கள். பதினொன்றரைக்கு மேல் பெரும்பாலும் அப்படித்தான்.

படி 8: சாப்பாடும் மரமும்

வெளியே புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம். சாப்பிட்டு முடித்ததும் வாசலுக்குப் பக்கத்திலேயே கூண்டுக்குள் நிற்கும் எல்ஃபின் ஓக் மரத்தைப் பாருங்கள். ரிச்மண்ட் பார்க்கிலிருந்து கொண்டுவந்த பழைய ஓக் மரத்தண்டு அது. ஐவர் இன்னஸ் என்ற ஓவியர் 1930-ஐ ஒட்டி அதில் குட்டிக் குட்டி வன தேவதைகளையும் குள்ளர்களையும் விலங்குகளையும் செதுக்கி வண்ணம் பூசினார். அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஊர் கோபுரத்துல பொம்மை வெச்ச மாதிரில்ல இருக்கு" என்றார். நீங்களும் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், பத்து நிமிடம் அமைதி உறுதி.

படி 9: கிளம்புவது

இதுதான் கஷ்டமான படி. "வா போகலாம்" என்று சொன்னால் நடக்காது, அழுகைதான் வரும். கிளம்ப வேண்டிய நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால், "இன்னும் பத்து நிமிஷத்துல முதலை எழுந்துடும்" என்று சொல்லிவைப்பேன். ஐந்து நிமிடத்தில் இன்னொரு முறை. நேரம் வந்ததும் போனில் டிக் டிக் சத்தத்தைப் போட்டுக்கொண்டு மெதுவாக அவர்கள் பக்கம் நடப்பேன். கேப்டன் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவான், முதலை வேஷம் போட்டவள் தான்தான் முதலை என்பதையே மறந்து அவன் பின்னால் ஓடுவாள்.

வாசலுக்கு வெளியே நிறுத்தி ஷூவைக் கழற்றித் தட்டுங்கள், சாக்ஸை உதறுங்கள், பேன்ட் மடிப்பைப் பிரித்து விடுங்கள். மைல் எண்டில் வண்டி மாறும்போது இரண்டு பேரும் தூங்கியிருப்பார்கள், ஒன்று புஷ்சேரில், இன்னொன்று உங்கள் தோளில். என்ன தட்டினாலும் அன்று ராத்திரி குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால் கொஞ்சம் மணல் இருக்கும்.