டோர்டோன் கிராமத்தில் ஒரு வாரம்: குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்மேற்குப் பிரான்சின் டோர்டோன் பகுதிக்கு ஓய்வு தேடிச் செல்லும் குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு, பாரிசுக்கும் லுவார் கோட்டைகளுக்கும் நாள்களைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய இரண்டு இரவுகளைக் கிராமத்துக்கு ஒதுக்குவதாகும். 'ஜீத்' எனப்படும் கிராமத்து வாடகை வீடுகள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை முழு வாரத்துக்கே கிடைக்கின்றன. பாரிசிலிருந்து டோர்டோனின் சார்லா ஊர் 500 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில் இருப்பதாலும், கோடைச் சனிக்கிழமைகளில் நெடுஞ்சாலைகள் நிரம்பி வழிவதாலும், முதல் நாள் பயணத்திலேயே கழிந்துவிடும்.

அப்படிக் களைத்துப்போய் மாலையில் வந்து இறங்கும்போது கையில் சமையல் பொருள்கள் இல்லாவிட்டால் பாடு அதிகம். ஞாயிறு பிற்பகலில் கிராமத்துக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். பல கடைகள் திங்களன்றும் திறப்பதில்லை. மதிய உணவுக்கென்று கடைக்காரர்கள் கதவடைப்பதும் அங்கே இயல்பு. உணவகங்களிலும் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு சமையலறை மூடப்பட்டுவிடுவதால், மூன்று மணிக்குப் பசியெடுக்கும் பிள்ளைகளுக்குச் சூடான சாப்பாடு கிடைப்பது அரிது. இரண்டு நாளுக்கு வேண்டியதை வழியிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். அரிசியும் பருப்பும் மசாலாவும் தேவைப்படுவோர் பாரிசின் லா ஷப்பேல் பகுதியிலுள்ள தமிழ்க் கடைகளில் முன்கூட்டியே வாங்கிக்கொள்வது நல்லது. காய்கறி, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, வால்நட் ஆகியவற்றுக்குப் புதன், சனி காலைகளில் கூடும் சார்லா சந்தையே போதும். அதைவிடச் சிறந்த காலைப்பொழுது அங்கே வேறில்லை என்பது என் எண்ணம்.

வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காமல் விடுவதும் தவறே. படுக்கை விரிப்பு, துண்டு, கடைசி நாள் துப்புரவு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு. பழைய கல்வீடுகள் பலவற்றில் குளிர்சாதனம் இருக்காது. அனல் வீசும் நாள்களில் சன்னல்களின் மரக் கதவுகளைப் பகலில் அடைத்து, இரவில் திறந்துவைத்தாலே வீடு குளிர்ந்திருக்கும்.

நீச்சல்குளமுள்ள வீடாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நிலத்தில் அமைத்த தனியார் குளங்களுக்கு வேலி, மூடி, கூரை, எச்சரிக்கை மணி ஆகியவற்றுள் ஒன்று இருக்க வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். ஆயினும் அதை நம்பிச் சிறு குழந்தையை நொடிப்பொழுதும் தனியே விடலாகாது. 112 என்ற அவசர எண்ணையும் வீட்டின் சரியான முகவரியையும் பெரியவர்கள் அனைவரும் குறித்துவைத்திருக்க வேண்டும்.

பேருந்துகள் மிகக் குறைவு என்பதால் கார் இல்லாமல் செல்லக் கூடாது. கார் இருக்கிறதே என்று ஒரே நாளில் தொல்பழங்கால ஓவியங்கள் கொண்ட லாஸ்கோ குகை, பெனாக் கோட்டை, படகுப் பயணம் மூன்றையும் திணிக்கவும் கூடாது. லாஸ்கோவின் அசல் குகை 1963 முதல் பொதுமக்களுக்கு மூடப்பட்டுள்ளது. 2016இல் மோன்தின்யாக்கில் திறக்கப்பட்ட அதன் முழு நகலைப் பார்க்கலாம். ஆகஸ்ட் மாதமென்றால் அதற்கான சீட்டை முன்பதிவு செய்துவிட்டு, அந்த நாளில் வேறெதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.